மேசை ஆர்பிஜிக்குப் புது ஆட்கள் ஏன் வருவதில்லை?

வாசகர் கேள்வி, 5 ஜனவரி 2025

"பத்து வருடமாக டி அண்ட் டி விளையாடுகிறேன். ஆரம்பத்தில் இருந்த அதே ஆறு பேர்தான் இன்றைக்கும். புதிதாக ஒருவர்கூட வருவதில்லை. இன்றைய பிள்ளைகளுக்குக் கையில் போன் இருந்தால் போதும். ஒரு கோட்டையை மனசில் கற்பனை செய் என்றால் கொட்டாவி விடுகிறார்கள். இன்னும் பத்து வருடத்தில் இந்த விளையாட்டு அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். மறுப்பவர் யாராவது உண்டா?"

5 ஜனவரி, இரவு

நான் மறுக்கிறேன். (தெரியாதவர்களுக்கு: டி அண்ட் டி என்பது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி ஆடுவது. இந்த வகைக்குத்தான் மேசை ஆர்பிஜி என்று பெயர்.) போனைத் திட்டுவது சுலபம். 1993-ல் மேஜிக் சீட்டு விளையாட்டு வந்தபோது, பையன்களின் பாக்கெட் மணியையும் மேசையையும் சீட்டு தின்றுவிட்டது என்றார்கள். 2004-ல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டு வந்ததும் இனி யார் தாளும் பென்சிலும் எடுப்பார்கள் என்றார்கள். இப்போது போன். விளையாட்டு தொடங்கி ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. அதற்குச் சங்கு ஊதி முடித்தவர்கள்தான் போய்விட்டார்கள்.

வந்து சேர்ந்த கூட்டத்தையும் பாருங்கள். 2014-ல் டி அண்ட் டியின் ஐந்தாம் பதிப்பு. 2015-ல் நடிகர்கள் உட்கார்ந்து டி அண்ட் டி ஆடும் கிரிட்டிகல் ரோல் இணையத் தொடர். 2016-ல் ஸ்டிரேஞ்சர் திங்ஸ் தொடரின் முதல் காட்சிகளிலேயே நாலு பையன்கள் கீழறையில் உட்கார்ந்து டைஸ் உருட்டுகிறார்கள். 2020-ல் ஊரடங்கு, எல்லோரும் ரோல்20, டிஸ்கார்ட் என்று இணையத்திலேயே ஆட உட்கார்ந்தோம். 2023 ஆகஸ்டில் டி அண்ட் டியை வைத்துச் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டு பால்டர்ஸ் கேட் 3. டி20 (இருபது முக டைஸ்) என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. என் அலுவலகத்தில் இந்த விளையாட்டின் பெயர் தெரியாத இளைஞர்களே குறைவு.

ஆகவே ஆசை இருக்கிறது. கேள்வியே வேறு.

6 ஜனவரி

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். வக்கீல் மாதிரிப் பேசியிருக்கிறேன். என் வீட்டில் நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

2023 அக்டோபர். பால்டர்ஸ் கேட் 3 முடித்த ஐந்து பேர், எல்லோரும் என் அலுவலகத்தில் இளையவர்கள், "அண்ணா, நிஜ டி அண்ட் டி ஆடணும்" என்று வந்தார்கள். வேளச்சேரியில் என் வீடு, சனிக்கிழமை மாலை 4 மணி. எனக்கு ஒரே உற்சாகம். அவரவர் பாத்திரத்தின் விவரம் எழுத ஐந்து கேரக்டர் ஷீட், ஐந்து பென்சில், 320 பக்க விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒன்று, இரண்டு தட்டு வெங்காய பஜ்ஜி.

"முதல்ல உங்க கேரக்டரை உருவாக்குவோம்" என்று ஆரம்பித்தேன். இனம், வகுப்பு, பின்னணி, ஆறு குணங்களுக்கு எண், அந்த எண்ணிலிருந்து வேறொரு எண், அதோடு தேர்ச்சிக்கு ஒரு எண். புத்தகம் ஒன்றுதான். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது, பஜ்ஜி எண்ணெயோடு. விசார்ட் (மந்திரவாதி) எடுத்த தம்பி எந்த மந்திரம் வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பக்கம் புரட்டினான். ஏழு மணி இருக்கும். அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, விளையாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் வலித்தது.

எட்டரைக்கு ஒரு மதுக்கடையில் கதையை ஆரம்பித்தேன். ஒன்பதரைக்கு மூன்று பேருக்குக் கடைசி மெட்ரோ, ரயில் என்று கவலை வந்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் ஒருவன்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் இந்தக் கணக்கையெல்லாம் இயந்திரம் போட்டுவிடும். அவர்கள் பார்த்தது கதையையும் டைஸ் உருளும் படத்தையும் மட்டும்தான். நான் அவர்களை உட்காரவைத்தது வருமான வரிப் படிவத்தின் முன்னால்.

6 ஜனவரி, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது. அன்றைக்கு வராதவர்களைப் பற்றி மறுவாரம் என் பழைய மேசையில் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை கிடையாது." உங்கள் வாக்கியத்தையே சொல்லியிருக்கிறேன். அதனால்தான் நேற்று அவ்வளவு கோபம் வந்தது போலிருக்கிறது.

11 ஜனவரி

"அப்படியானால் புத்தகம்தான் குற்றவாளியா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் பெட்டியில் மூன்று சின்னப் புத்தகங்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதி. அதை மட்டும் படித்து யாராவது விளையாடக் கற்றுக்கொண்டிருந்தால் காலில் விழலாம். பாதி விதிகளுக்குச் செயின்மெயில் என்ற வேறொரு போர் விளையாட்டைப் பார்க்கச் சொல்லும். மீதிப் பாதி எழுதியவர்களின் தலையில் இருந்தது. மினியாபொலிஸ் பக்கம் ஆர்னசன் வீட்டிலும் லேக் ஜெனீவாவில் கைகாக்ஸ் வீட்டிலும் உட்கார்ந்து ஆடியவர்களுக்குப் புரிந்தது, அவர்கள் சொல்லிக்கொடுத்தவர்களுக்குப் புரிந்தது, அப்படியே பரவியது.

புதியவனை மனதில் வைத்துப் பெட்டிகள் வரத் தொடங்கியது 1977-லிருந்து. எனக்குப் பிடித்தது 1983-ல் ஃபிராங்க் மென்ட்சர் எழுதிய சிவப்புப் பெட்டி. திறந்ததும் விதி எதுவும் கிடையாது. நீ ஒரு வீரன், குகைக்குள் போகிறாய், பாம்பு வருகிறது, டைஸ் உருட்டு. வழியில் அலீனா என்ற பெண் துறவி துணைக்கு வருகிறாள். பார்கில் என்ற மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுகிறான். பத்து வயதுப் பையன் தன்னந்தனியாக, பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு இதைப் படித்து ஆடலாம். படித்து முடிக்கும்போது பாதி விளையாட்டு தெரிந்திருக்கும். அலீனாவுக்காக இன்றைக்கும் வருத்தப்படும் ஐம்பது வயது அமெரிக்கர்கள் நிறைய பேர்.

இதற்கு எதிராக இன்றைய நிலைமை: 2014 புத்தகம் 320 பக்கம், 2024-ல் திருத்தி வந்தது 384 பக்கம். ஆட்டத்தை நடத்துகிறவருக்கு இன்னும் இரண்டு புத்தகம். பெருத்துக்கொண்டே போகிறது.

சரி, வழக்கு முடிந்தது என்று எழுதப்போனவன் நிறுத்திக்கொண்டேன். ஏன் என்று நாளை.

12 ஜனவரி

ஏனென்றால் 2014-லேயே அடிப்படை விதிகளை இலவசமாக இணையத்தில் போட்டுவிட்டார்கள். அதே வருடம் வந்த ஸ்டார்ட்டர் செட்டில் ஐந்து கேரக்டர்கள் தயாராக இருந்தன, டைஸ் இருந்தது, ஒரு முழுக் கதை இருந்தது, விதி 32 பக்கம்தான். அது என் அலமாரியிலேயே இருந்தது! அந்தச் சனிக்கிழமை அதை எடுக்காமல் தடிப் புத்தகத்தை எடுத்தது நான். ஏன் எடுத்தேன்? "நிஜ டி அண்ட் டி" வேண்டும் என்றார்களே, குழந்தைப் பெட்டியைக் காட்டினால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்துவிட்டேன்.

அதனால் புத்தகத்தை விடுதலை செய்கிறேன். பக்க எண்ணிக்கை பற்றி நேற்று அழுததையும் வாபஸ் வாங்குகிறேன்.

14 ஜனவரி

பொங்கலுக்கு அக்கா குடும்பம் வந்திருக்கிறது. அக்கா மகள், எட்டு வயது, என் டி20-ஐ உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல தாயம் எது?" என்றாள்.

1 விழுந்தால் தாயம் என்றேன். அதற்குப் பிறகு அரைமணி நேரம் உருட்டினாள். எங்கள் ஆட்டத்தில் 1 விழுந்தால் தலையில் கைவைப்போம். அவள் ஒவ்வொரு 1-க்கும் குதித்தாள்.

தாயத்தில் தாயம் விழுந்தால்தானே காய் இறங்கும். மற்றவர்கள் காயெல்லாம் சுற்றிச் சுற்றிப் பழம் எடுக்கும், நம் காய் மட்டும் வெளியிலேயே உட்கார்ந்திருக்கும். சின்ன வயதில் அழுதிருக்கிறேன். என் மேசைக்கு வந்த அந்த ஐந்து பேருக்கு நாலரை மணி நேரமாகத் தாயம் விழவில்லை, அவ்வளவுதான்.

19 ஜனவரி

நான் எப்படிக் கற்றேன் என்று கேட்டவருக்கு.

2006, கல்லூரி விடுதி. மூன்றாம் மாடியில் ஒரு சீனியர் அண்ணன் இருந்தார். அவரிடம் டி அண்ட் டி 3.5 பதிப்பின் ஜெராக்ஸ் கட்டு, ஸ்பைரல் பைண்டிங், நடுவில் இருபது பக்கம் காணோம். காணாமல் போன பக்கங்களில்தான் மல்யுத்த விதி இருந்தது என்பது பல வருடம் கழித்துத் தெரிந்தது. அதுவரை யாரும் யாரையும் கட்டிப்பிடிக்காமலே சண்டை போட்டோம். அந்தச் சிக்கலான விதி தெரிந்தவர்கள் சொல்வார்கள், அது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று.

டைஸ் கிடையாது. கிடைக்கும் கடையும் தெரியாது. ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவில் 1 முதல் 20 வரை எழுதிய துண்டுச் சீட்டு. மூடிக் குலுக்கி ஒன்றை எடுப்போம். இதைப் பஞ்சம் என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன். 1979-ல் டைஸ் தட்டுப்பாடு வந்தபோது அப்போது டி அண்ட் டியை வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனியே பெட்டியில் டைஸுக்குப் பதில் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் போட்டு விற்றிருக்கிறது. ஆக, நாங்கள் மரபு வழுவாதவர்கள்.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. முதல் பத்து நாள் நான் ஆடவே இல்லை. கட்டிலின் மேல் அடுக்கில் உட்கார்ந்து கீழே அவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்த்தேன். பதினோராம் நாள் ஒருவனுக்குக் காய்ச்சல். சீனியர் அண்ணன் மேலே பார்த்து, "டேய், இறங்கி வந்து அவன் ஆளைப் பிடி" என்றார். விதி எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. "என்ன பண்றே?" என்று மட்டும் கேட்டார். கதவை உதைக்கிறேன் என்றேன். டப்பாவை நீட்டினார்.

கேரம் விதிப் புத்தகம் படித்துக் கேரம் கற்றவர் யாராவது உண்டா? தெருமுனையில் போர்டைச் சுற்றி நின்று, ஒருத்தர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, ஆள் குறையும்போது உள்ளே நுழைந்தோம். ரம்மியும் அப்படித்தான். இந்த விளையாட்டை நாம் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறோம். எட்டிப் பார்க்க ஜன்னல் இல்லை.

20 ஜனவரி

"கிரிட்டிகல் ரோல் இருக்கிறதே, யூடியூபில் எட்டிப் பார்க்கலாமே?"

பார்க்கலாம். பார்த்துவிட்டுத்தான் பலர் வருகிறார்கள், பலர் வராமலும் போகிறார்கள். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். குள்ளனுக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல், அழ வேண்டிய இடத்தில் அழுகை. இதைப் பார்த்து வருபவர் எல்லா டிஎம்மும் (ஆட்டத்தை நடத்துகிறவர்) அந்த மேசையை நடத்திய மேத்யூ மெர்சர் மாதிரி இருப்பார் என்று எதிர்பார்த்து ஏமாறுவதற்கு ஆங்கிலத்தில் பெயரே இருக்கிறது, மெர்சர் விளைவு என்று. எனக்கு அதைவிடப் பெரிய கவலை அதன் மறுபக்கம்: "அவங்க மாதிரி எனக்குப் பேச வராதுண்ணா" என்று என்னிடம் சொன்னவர்கள் குறைந்தது நாலு பேர். ரஞ்சி ஆட்டம் பார்த்துவிட்டுத் தெருக் கிரிக்கெட்டுக்கு மட்டை தூக்கப் பயப்படுகிற கதை.

ஜப்பானில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. 1986-ல் காம்ப்டிக் என்ற கம்ப்யூட்டர் பத்திரிகையில் குரூப் எஸ்என்இ ஆட்கள் ஆடிய டி அண்ட் டி ஆட்டத்தை நாடக வசனம் போலத் தொடராக அச்சிட்டார்கள். யார் என்ன சொன்னார், டைஸில் என்ன விழுந்தது, யார் அசட்டுத்தனம் செய்தார், எல்லாம். அதற்கு ரீப்ளே என்று பெயர். லோடோஸ் தீவின் கதை நாவலாகவும் அனிமேயாகவும் ஆனது அங்கிருந்துதான். 1989-ல் அதே குழு சுவார்ட் வேர்ல்ட் என்று சொந்த விளையாட்டு வெளியிட்டது, பாக்கெட் நாவல் அளவில். பள்ளிப் பையன் கையில் இருக்கும் காசுக்கு ரயில் நிலையப் புத்தகக் கடையில் வாங்குகிற மாதிரி சாமான். படிக்கிறவனுக்குச் சாதாரண மனிதர்கள் சொதப்பிச் சிரிப்பது தெரியும். நாமும் சொதப்பலாம் என்ற தைரியம் வரும்.

21 ஜனவரி

மேலே சுவார்ட் வேர்ல்ட் என்று இருக்கிறது. ஸோர்ட் வேர்ல்ட். இருபது வருடமாகத் தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் திருத்தவில்லை. நன்றி.

26 ஜனவரி

ஜப்பானைப் பற்றி எழுதியபோது ஒன்றைத் தாண்டிப் போய்விட்டேன். அவர்கள் ஜப்பானிய மொழியில் ஆடினார்கள். ஸ்வீடனில் 1982-லேயே டிராகர் ஓக் டெமோனெர், ஜெர்மனியில் 1984-ல் தாஸ் ஸ்வார்ட்ஸெ ஆகெ. அவரவர் மொழியில் அவரவர் விளையாட்டு.

என் மேசையில் ஆங்கிலம். யாரும் முடிவு செய்யவில்லை. புத்தகம் ஆங்கிலம், ஷீட் ஆங்கிலம், அதனால் வாயும் ஆங்கிலம். டீ வேண்டுமா என்று தமிழில் கேட்டுவிட்டு, "யூ ஸீ எ டார்க் காரிடார்" என்று திரும்புவோம். பல வருடம் இது விசித்திரமாகவே படவில்லை.

அந்த ஐந்து பேரில் கடைசிவரை வந்த ஒருவன் என்றேனே, அவன் திருநெல்வேலிப் பக்கம். ஆட்டத்தில் அவன் ஆள் பாதி ஓர்க் (கதைகளில் வரும் முரட்டு இனம்), கோடரி வீரன். மூன்று செஷனில் அவன் சொன்ன வசனம் மொத்தம் ஒன்று: "ஐ அட்டாக்." பேச்சுவார்த்தை நடக்கும் இடமெல்லாம் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். கூச்ச சுபாவம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நாலாவது வாரம் கரண்ட் போனது. இன்வெர்ட்டரும் கொஞ்ச நேரத்தில் கீச்சிட்டு அணைந்தது. போன் வெளிச்சத்தில் ஷீட்டும் தெரியவில்லை, புத்தகமும் தெரியவில்லை. வியர்வையோடு சும்மா கதையை நகர்த்துவோம் என்றேன். நகரத்தின் கோட்டைக் கதவு, ராத்திரி, உள்ளே விடமாட்டேன் என்கிற காவலாளி. இருட்டில் ஆங்கிலம் வரவில்லை. "யாருப்பா அது? பொழுது போனா கதவு திறக்காது, காலைல வா" என்றேன்.

இருட்டுக்குள்ளிருந்து:

"அண்ணாச்சி, சித்த கதவத் தொறங்க. உள்ள எங்க பெரியம்மைக்கு மேலுக்குச் சொகமில்ல. மருந்து கொண்டாந்திருக்கேன்."

"பெரியம்மை பேர் என்ன?"

ஒரு நொடி யோசித்தான். "பெரியம்மையப் பேர் சொல்லிக் கூப்பிடுத பழக்கம் எங்க ஊர்ல இல்ல அண்ணாச்சி. ஒங்க ஊர்ல உண்டும்னா நீங்க வேணா உள்ள போயி அவகளக் கேட்டுட்டு வாங்க, நாங்க இங்ஙனயே நிக்கோம்."

எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு பேரும் வெடித்துச் சிரித்தோம். டைஸ் உருட்டச் சொல்லியிருக்க வேண்டும், விதிப்படி. கதவைத் திறந்துவிட்டேன். அதற்கப்புறம் அவனை நிறுத்தவே முடியவில்லை. அந்தக் காவலாளிக்கு அடுத்த வாரம் அவன் நிஜமாகவே மருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தான், முட்டிவலிக்கு.

27 ஜனவரி

"அப்படியானால் எல்லாவற்றையும் தமிழாக்க வேண்டியதுதானே" என்று மூன்று பேர். முயற்சி செய்தோம். ஹிட் பாயின்டை 'உசிரு' என்கிறோம், அது ஒட்டிக்கொண்டது. "உசிரு எவ்வளவு மிச்சம்?" "நாலு." கேட்கவே பதறும். ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவுக்கு 'தப்பிப்பு வீச்சு' என்று ஒருவர் கொண்டுவந்தார். ஒரு வாரம் தாங்கியது, இப்போது சேவ்தான். அடி படாமல் காக்கும் எண்ணான ஆர்மர் கிளாஸைச் சுருக்கி ஏசி என்றே விட்டுவிட்டோம். "உன் ஏசி எவ்வளவு?" "பதினாறு." "குளிராது?" இந்த ஜோக்கை வாரம் ஒருமுறையாவது யாராவது சொல்லாமல் விடுவதில்லை.

இதை மொழிப் பெருமையாக்க வேண்டாம். என் மேசையில் சென்னையிலேயே ஆங்கிலத்தில் வளர்ந்த ஒருவர் இருக்கிறார், தமிழில் பேசச் சொன்னால் அவர் ஷீட்டைப் பார்க்க ஆரம்பிக்கிறார். எவருக்கு எது வாயில் வருகிறதோ அது. நான் இருபது வருடமாக ஒரே வாயைத்தான் எதிர்பார்த்தேன் என்பதுதான் விஷயம்.

2 பிப்ரவரி

ஒரு வாசகி எழுதியிருக்கிறார், அப்படியே போடுகிறேன்:

"புத்தகம், மொழி, யூடியூப் எல்லாம் பேசிவிட்டீர்கள். எனக்கு ஆட வேண்டும் என்று ஆறு வருட ஆசை. கிடைத்த அழைப்புகள் எல்லாம் முன்பின் தெரியாத ஆண்கள் ஐந்து பேர் இருக்கும் ஃபிளாட்டில், சனிக்கிழமை இரவு. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவது?"

பதில் இல்லை. என் ஐந்து பேர் கதையில் "விளையாட்டு எப்போ ஆரம்பிக்கும்" என்று கேட்ட பெண் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு நான் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன், கேரக்டர் ஷீட் என்று. அவளிடம் கேட்கவே இல்லை. நாளை கேட்கிறேன்.

3 பிப்ரவரி

கேட்டேன். "ஷீட்டெல்லாம் பரவாயில்லண்ணா. ஒன்பதரைக்கு மேல ஹாஸ்டல் கேட் மூடிடும். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

6 ஜனவரியில் எழுதியதை அழிக்காமல் விடுகிறேன். ஆனால் அதன் முடிவு தப்பு.

8 பிப்ரவரி

சிறு குறிப்பு. "புது ஆளுக்கு எந்தப் பதிப்பு நல்லது?" என்று யாரோ இங்கே கேட்டதற்கு இதுவரை பதினேழு பதில். 2008-ல் நாலாம் பதிப்பு வந்து பாதிப் பேர் 2009-ல் பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டுக்குப் போனது, 2023 ஜனவரியில் மற்றவர்கள் விதிகளைப் பயன்படுத்தும் உரிமத்தை மாற்றப்பார்த்து டி அண்ட் டியை வெளியிடும் விசார்ட்ஸ் கம்பெனி வாங்கிக் கட்டிக்கொண்டது, எல்லாப் பழைய கணக்கும் தீர்க்கப்பட்டிருக்கிறது. கேட்டவரை அதற்கப்புறம் காணோம். திரும்பி வந்தால் சொல்லுங்கள்: பக்கத்தில் ஆடுகிறவர் எதை ஆடுகிறாரோ அது.

15 பிப்ரவரி

முதல் கேள்வியைத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு வரி இத்தனை நாளாகக் கண்ணில் படவில்லை. "ஆரம்பத்தில் இருந்த அதே ஆறு பேர்தான் இன்றைக்கும்."

ஆறு பேர். டிஎம் ஒருவர், ஆட்டக்காரர் ஐந்து. அது நிறைந்த மேசை. புதிதாக ஒருவர் வந்தால் எங்கே உட்காருவார்?

குற்றம் சாட்டவில்லை, என் லட்சணம் இதுதான். என் பழைய மேசையில் ஒரே கேம்பெய்ன் (தொடர்கதை) எட்டாவது வருடம் ஓடுகிறது. எல்லோரும் 14-ஆம் லெவல். வில்லனின் தாத்தா காலத்துப் பகை வரைக்கும் பின்கதை உண்டு. இந்த எட்டு வருடத்தில் "சேர்ந்துக்கலாமா?" என்று கேட்ட நாலு பேரிடம் "அடுத்த கேம்பெய்ன்ல கண்டிப்பா" என்று சொல்லியிருக்கிறேன். அந்த அடுத்தது வரவே இல்லை. அதில் ஒருவர் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, ஊரே மாறிப் போய்விட்டார். ஓடுகிற தொடரின் நானூறாவது எபிசோடில் புதிதாக ஒருத்தர் எப்படி நுழைவது என்று அப்போது நியாயம் வைத்திருந்தேன்.

மேசையைப் பெருக்கலாமே என்றால் டிஎம் வேண்டும். ஐந்து பேர் ஆட ஒருவர் நடத்த வேண்டும், அந்த ஒருவருக்குத்தான் மூன்று புத்தகம், வரைபடம், அத்தனை காவலாளிகளின் முட்டிவலி. நாலு மணி நேர செஷனுக்கு எனக்கு ஐந்து மணி நேரத் தயாரிப்பு ஆகிறது. இதைப் பார்க்கிற எவன் நான் நடத்துகிறேன் என்று கை தூக்குவான்? ஆசைப்படுகிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள், உள்ளே நாற்காலி இல்லை, நாற்காலி போடுகிறவரை நாங்களே பயமுறுத்தி வைத்திருக்கிறோம்.

போன் மேல் எனக்கு இன்னும் கோபமில்லை.

17 பிப்ரவரி

கேள்வி கேட்டவரே பதில் எழுதியிருக்கிறார்: "என் மேசையில் உண்மையில் ஏழாவது நாற்காலி உண்டு. அதில் பத்து வருடமாகப் பைகளை வைக்கிறோம்."

2 மார்ச்

செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஞாயிறு மதியம் 2 முதல் 4. வீடு வேண்டாம் என்று ஒரு டீக்கடை மாடியில். (முதலில் ஒரு கஃபேயில் உட்கார்ந்தோம். மூன்றாவது டைஸ் சத்தத்துக்கு, சூதாட்டம் கூடாது என்று எழுப்பிவிட்டார்கள். டி20-ஐக் காட்டி விளக்கினேன். அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.) டி அண்ட் டி இல்லை, லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ். 2013-ல் ஜான் ஹார்ப்பர் எழுதியது, மொத்த விளையாட்டும் ஒரே பக்கம். கேரக்டருக்கு ஒரே ஒரு எண்தான். சாதாரண லூடோ டைஸ் போதும். விண்கப்பல் கதையை மாற்றி, நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன விசைப்படகு ஆக்கிக்கொண்டேன்.

2:10-க்கு ஒருவர் கடலில் குதித்துவிட்டார். முதல் தடவை ஆடுகிறவர். டீகூட வந்திருக்கவில்லை.

மூன்று ஞாயிறில் ஒன்பது புது முகம். மூன்று பேர் திரும்பத் திரும்ப வருகிறார்கள், அதில் அந்த ஹாஸ்டல் பெண்ணும் உண்டு. மீதி ஆறு பேருக்குப் பிடிக்கவில்லை அல்லது வேலை. அது அவர்கள் பாடு. எல்லோருக்கும் பிடிக்க இது பிரியாணி இல்லை.

9 மார்ச்

இன்றைக்குத் திருநெல்வேலித் தம்பி டிஎம். ஒரு பக்கத் தயாரிப்பு, அதுவும் பஸ்ஸில் எழுதியது. விதி மூன்று இடத்தில் தப்பு. ஒரு தடவை டைஸை அவனே உருட்டி அவனே மறந்துபோனான். வாயைத் திறக்காமல் இருக்க நான் ஒரு முழு மசால் வடையைத் தின்ன வேண்டியிருந்தது. ஹாஸ்டல் பெண் ஒரு சுறாவோடு பேரம் பேசி ஜெயித்தாள்.

என் ஆள் மூன்றாவது நிமிடம் செத்துவிட்டான். "அண்ணே, புதுசா ஒரு ஆள் எழுதிக்கிடுங்க, ரெண்டு நிமிசம் தாறேன்" என்றான். பென்சில் யாரிடமும் இல்லை. டீக்கடைக்காரர் காதிலிருந்து எடுத்துக் கொடுத்தார், கொடுத்துவிட்டுக் கீழே போகாமல் மாடிப்படியில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.